முப்பத்தெட்டு சதவீதம்

தென்காசியில் சொந்த வீடு வைத்திருப்பவனுக்கு ஆனி மாதம் பிறந்ததும் செல்வாக்கு கூடிவிடும். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்ப மறந்துபோன ஒன்றுவிட்ட தம்பி, "அண்ணாச்சி, உடம்பெல்லாம் எப்படி இருக்கு?" என்று கூப்பிடுவான். கேட்கிறானே என்று நானும் கழுத்து வலியில் ஆரம்பித்து முழங்காலுக்கு வந்திருப்பேன். "அது கெடக்கட்டும், ஐந்தருவியில தண்ணி விழுதா?" என்பான். உங்களுக்குத் தெரியாததா? குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசியில் பாய் தலையணைக்குத் தட்டுப்பாடு.

ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் எனக்கு இரண்டு உத்தியோகம். முதலாவது, அருவி நிலவரம் சொல்வது. பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டி விழுகிறதா, பழைய அருவியில் கூட்டம் எப்படி, புலியருவி குழந்தைகளுக்குத் தோதுப்படுமா, எல்லாம் நான் சொல்ல வேண்டும். சம்பளம் கிடையாது, நிலவரம் தப்பினால் திட்டு மட்டும் உண்டு. நான் "நல்லா விழுது" என்று சொன்ன பிறகு மலைக்கு மேலே மழை பிடித்து, போலீஸ்காரர்கள் குளிக்கத் தடை போட்டாலும் பழி என் தலையில்தான். இரண்டாவது உத்தியோகம், அருவிக்கரையில் துணிக்குக் காவல். எல்லோரும் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விடுவார்கள். துண்டு, பர்ஸ், மூக்குக்கண்ணாடி, சங்கிலி, அருவி அடித்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று சகலைப்பாடி கழற்றிக் கொடுத்த பல்செட் உட்பட அத்தனையும் என் மடியில் இருக்கும். இந்த இரண்டு வேலைக்கும் கையில் ஒரு போன் வேண்டும். வினையே அந்தப் போன்தான்.

பழைய போன். செய்த கம்பெனியே அதைக் கைகழுவி வருஷங்கள் ஆகின்றன. அப்டேட் வராது, பேங்க் ஆப் ஏறாது. ஒரு நாள் பேட்டரி உப்பி, போனின் முதுகு திறந்துகொண்டது. ஒரு மொபைல் கடையில் கொடுத்து வேறு பேட்டரி மாற்றினேன். "கம்பெனி பேட்டரிதானா?" என்று கேட்டதற்கு, "கம்பெனி மாதிரியே இருக்கும் சார்" என்றார் கடைக்காரர். மேலே 4000 எம்ஏஎச் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அச்சில் வந்தால் நம்பிவிடுகிற பரம்பரை என்னுடையது.

பெங்களூரில் வேலை பார்க்கும் மைத்துனர் மகன் பொங்கலுக்கு வந்தவன் அந்தப் போனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாமா, இதைத் தூக்கிப் போட்டிராதிய. லினக்ஸ் ஏத்தித் தாரேன்" என்றான். 2017இல் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்று ஒன்றை ஆரம்பித்திருக்கிறார்களாம். கம்பெனி கைவிட்ட போன்களை எடுத்து வளர்ப்பார்களாம். ஒரு போன் பத்து வருஷமாவது உழைக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. பத்து வருஷம் என்றதுமே, கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற என் மனசு புதுப் போனின் விலையை மிச்சக் கணக்கில் எழுதிவிட்டது. என் மனைவி கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அதுல போன் பேச முடியுமாடே?"

"பேசலாம் அத்தை. பெரும்பாலும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் போனுக்குப் 'பெரும்பாலும்' என்றே பெயர். "என்னங்க, பெரும்பாலும் அடிக்கி, எடுங்க" என்பாள். எடுப்பதற்குள் நின்றுவிடும்.

ஆடியில் ஒரு கோஷ்டி பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியது. பழைய அருவிக்கு வேன் வைத்துக்கொண்டு போனோம். நிறுத்த இடமில்லாமல் டிரைவர் வண்டியை எங்கேயோ தள்ளிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு, "முடிஞ்சதும் ஒரு போன் போடுங்க சார்" என்றார். குளியல் முடிந்தது. ஈரத்தோடு எல்லோரும் வந்து நின்றார்கள். சகலைப்பாடி தன் போனைப் பார்த்து, "நாலு சதவீதந்தான் இருக்கு" என்று முனகினார். நான் பெருந்தன்மையோடு, "என்கிட்ட முப்பத்தெட்டு இருக்கு, நீங்க சும்மா இருங்க" என்றேன். டிரைவர் நம்பரைப் போட்டுப் பச்சையை அழுத்தினேன். போன் ஒரு முறை உறுமி இருண்டுவிட்டது. தட்டினேன், குலுக்கினேன், வேட்டியில் துடைத்தேன். உயிர் இல்லை. சாரல் காற்றில் குழந்தைகளுக்குப் பல் தந்தியடித்தது. சகலைப்பாடி நிதானமாகத் தன் நாலு சதவீதத்தில் டிரைவரைக் கூப்பிட்டார். அதோடு விட்டாரா? மதுரையில் இருக்கும் மகளைக் கூப்பிட்டு நேந்திரம் சிப்ஸ் எத்தனை கிலோ வேண்டும், மங்குஸ்தான் வேண்டுமா, ரம்புட்டான் வேண்டுமா என்று வேன் வருகிற வரைக்கும் பேசினார். வைத்துவிட்டு என் மூக்குக்கு நேரே போனை நீட்டிக் காட்டினார். மூன்று.

வீட்டுக்கு வந்து பெரும்பாலுமைச் சார்ஜில் போட்டுத் திறந்தால், ஒன்றும் நடக்காதது போல் 1 என்று காட்டுகிறது. முப்பத்தேழு சதவீதம் எங்கே போயிற்று? முப்பது வருஷம் கணக்கு எழுதியவனுக்கு அன்றிரவு தூக்கம் வருமா, சொல்லுங்கள். பெங்களூருக்குப் போன் போட்டேன், மனைவியின் போனில் இருந்து.

"மாமா, பேட்டரிக்குள்ள எவ்வளவு இருக்குன்னு நேரா அளக்குத கருவி கெடயாது. ஸ்கிரீன்ல வார நம்பர் ஊகந்தான்" என்றான் பையன்.

ஊகமா! நாமெல்லாம் அந்த எண்ணை நம்பி ஊருக்குக் கிளம்புகிறோம், 15க்குக் கீழே இறங்கினால் நெஞ்சு படபடக்கிறோம், ரயில் பெட்டியில் பிளக் பாயிண்ட் தேடி அடுத்தவர் காலடியில் ஊர்கிறோம். ஊகமாம்.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். லித்தியம் அயான் பேட்டரி நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட் அல்லது அதையொட்டி இருக்கும்; காலியாகும்போது மூன்றரைக்குக் கீழே சரியும். அப்படியானால் வோல்ட்டைப் பார்த்தே சொல்லிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நடுவில் ஒரு பெரிய நீட்டத்துக்கு அது 3.7, 3.8 என்று அசையாமல் கிடக்கும். அறுபது சதவீதமும் முப்பது சதவீதமும் ஏறக்குறைய ஒரே முகம். போதாக்குறைக்கு, போன் பேசினால் வோல்ட் இறங்கும், பேச்சை நிறுத்தினால் ஏறும், குளிர்ந்தால் ஒன்று, வெயிலில் வேறொன்று. ஆகவே இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். பேட்டரியிலிருந்து கரண்ட் வருகிற வழியில் ஒரு பொடி ரெசிஸ்டரைப் போட்டு, அதன் வழியே எவ்வளவு போகிறது, எவ்வளவு வருகிறது என்று ஒரு சிப் ஓயாமல் எண்ணிக்கொண்டே இருக்கும். போனைத் திறக்கும்போது வோல்ட்டைப் பார்த்து ஆரம்ப இருப்பை எழுதிக்கொள்ளும். அப்புறம் வரவு, செலவு.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் வீட்டுச் சமையல் காஸ் ஞாபகம் வந்தது. சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று வெளியே தெரியாது. நான் போய் அதைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பேன். "இன்னும் பாதி இருக்கு" என்று தீர்ப்பும் சொல்வேன். மறுநாள் தோசைக்கல்லில் மாவு பாதி வெந்திருக்கும்போது அடுப்பு அணைந்துவிடும். என் மனைவி சிலிண்டரைத் தொடுவதே இல்லை. மாட்டிய அன்றைக்குக் காலண்டரில் ஒரு சுழி போடுவாள். ஆள் வந்தால் அதற்குத் தக்கபடி மனசுக்குள் கழிப்பாள். சகலைப்பாடி குடும்பம் வந்தால் வெந்நீர்க் கணக்கு தனி. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீரும்" என்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீரும். ஆட்டிப் பார்க்கிற நான் வோல்ட் கட்சி. எண்ணிக் கழிக்கிற அவள் சிப் கட்சி. ஆனால் அவள் கணக்குக்கும் ஒரு ஆதாரம் வேண்டும் பாருங்கள். நிறை சிலிண்டரில் காஸ் 14.2 கிலோ என்பது தெரிந்திருக்க வேண்டும். காலி சிலிண்டரின் எடையையும் அதன் தலையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்தை யாராவது மாற்றி எழுதிவிட்டால் தராசு கொண்டுவந்து நிறுத்தாலும் பொய்க்கணக்குத்தான் வரும்.

பெரும்பாலுமில் நடந்தது அதுவே. லேப்டாப் பேட்டரிக்குள்ளேயே ஒரு சிப் உட்கார்ந்து, தன் கொள்ளளவு இவ்வளவு, வயசு இவ்வளவு என்று தானே சொல்லிவிடும். பல போன் பேட்டரிகளுக்கு அந்த வாய் கிடையாது. சூடு சொல்ல ஒன்று, அடையாளம் சொல்ல ஒன்று என்று ரெசிஸ்டர்கள் இருந்தால் உண்டு. கெர்னலுக்கு, அதாவது லினக்ஸின் அடிமடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நடத்துகிற அந்த நிரலுக்கு, போனில் மாட்டியிருப்பது எந்த பேட்டரி, அதில் எவ்வளவு கொள்ளும் என்பது தானாகத் தெரியாது. டிவைஸ் ட்ரீ என்று ஒரு கோப்பில் மனுஷன் எழுதிக் கொடுக்க வேண்டும். போன் கண் விழிக்கும்போது கெர்னல் அதைப் படித்துக்கொள்ளும். படித்ததை அப்படியே நம்பும். 'ஏன் சார், பேட்டரியை மாத்தினீங்களாமே?' என்று ஒரு வார்த்தை கேட்காது.

பையன் கெர்னலுக்குச் சொல்லியிருந்தது பழைய பேட்டரியின் ஜாதகத்தை. கொள்ளளவு 4000. நான் வாங்கிப் போட்ட, கம்பெனி மாதிரியே இருக்கிற பேட்டரியில் இருந்தது, பிற்பாடு அளந்து பார்த்ததில், 2480. நீங்களே கழித்துப் பாருங்கள். 2480 செலவானதும் உள்ளே சுத்தமாகக் காலி. கெர்னல் புத்தகத்திலோ இன்னும் 1520 இருப்பு. 4000இல் 1520 என்றால் சரியாக 38 சதவீதம்! இல்லாத பணத்தை இருப்பில் காட்டினால் எங்கள் சங்கத்தில் சஸ்பெண்ட் செய்வார்கள். கெர்னலை யார் சஸ்பெண்ட் செய்வது?

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. லித்தியம் அயான் பேட்டரியை சோனி கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991இல். லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற பின்லாந்து மாணவர் லினக்ஸ் கெர்னலை வெளியில் விட்டதும் அதே 1991இல். எனக்குக் கல்யாணம் ஆனதும் 1991. மூன்று ஜோடியில்... இல்லை, இரண்டு ஜோடியில், இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் ஒருவருக்குள் எவ்வளவு தாங்கும் என்று மற்றவருக்கு வெளியாள் வந்துதான் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த பேட்டரியைக் கண்டுபிடித்ததற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019 அக்டோபரில் நோபல் பரிசு அறிவித்தார்கள். குட்இனஃபுக்கு அப்போது வயது 97. அடுத்த மாதம் 22ஆம் தேதி திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டம் ஆயிற்று. எங்களுக்கும் நெடுங்காலக் காத்திருப்புதான். ஸ்டாக்ஹோம்காரர்களுக்கு அது தெரிந்திருக்காது.

சரி, கதைக்கு வருவோம். "புது பேட்டரிக்கு அளவு எடுத்துக் குடுங்க மாமா, நான் எழுதிச் சேத்துருதேன்" என்றான் பையன். அளவு எடுப்பது எப்படி என்றால், போனை முழுக்க சார்ஜ் செய்ய வேண்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்ய வேண்டும். ஐந்து சதவீதம் இறங்கியதும் ஒரு மணி நேரம் போல அதைச் சும்மா படுக்க விட வேண்டும். பேட்டரி மூச்சு வாங்கி அடங்கும். அடங்கிய வோல்ட்டை நோட்டில் குறிக்க வேண்டும். பிறகு அடுத்த ஐந்து. இப்படியே போன் அணைகிற வரை. நடுவில் ஒரு நிமிஷம்கூடச் சார்ஜரை மாட்டக் கூடாது, மாட்டினால் முதலிலிருந்து. இதைச் சொல்லிவிட்டு, "சும்மா இருக்குத ஆளு செய்யுத வேலைதான் மாமா" என்றான். என்னைப் பற்றி அவன் பெங்களூரில் என்ன சொல்லி வைத்திருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கெர்னலுக்குச் சில்லறையில்தான் பேசத் தெரியும். வோல்ட் என்றால் புரியாது, மைக்ரோவோல்ட். ஆம்பியர் ஹவர் என்றால் ஆகாது, மைக்ரோஆம்பியர் ஹவர். 4000 எம்ஏஎச்சை 40,00,000 என்று எழுத வேண்டும். அந்த வரியின் பெயரே 'சார்ஜ்-ஃபுல்-டிசைன்-மைக்ரோஆம்ப்-ஹவர்ஸ்'. கல்யாணப் பத்திரிகையில் எங்கள் பெரியப்பா பெயருக்கு முன்னால் போடுகிற பட்டங்கள்கூட இதைவிடக் குறைவு. வோல்ட் பட்டியலும் இப்படித்தான்: 41,80,000க்கு நூறு சதவீதம், அடுத்து அதற்குக் கீழே, அடுத்து அதற்கும் கீழே.

இதனால் வந்த வம்பைக் கேளுங்கள். திண்ணையில் உட்கார்ந்து பையனிடம் மனைவியின் போனில் கணக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். "காலையில நாப்பத்தொண்ணு எண்பது இருந்துச்சுடே. இப்ப முப்பத்தெட்டு லட்சத்துக்கு எறங்கிருச்சு. சாயங்காலத்துக்குள்ள இன்னும் எறங்கும்." தெருவில் போன ஒரு நிலத் தரகர் நின்றார். உள்ளே வந்தார். செம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, "அண்ணாச்சி, அவசரப்பட்டு எறக்காதிய. மத்தளம்பாறையில ஸோஹோ வந்த பொறவு இந்தப் பக்கம் வெலை எங்கயோ போயிட்டு. நாப்பத்தஞ்சுக்கு நான் பார்ட்டி கொண்டாரேன்" என்றார். வீட்டை விற்கவில்லை, பேட்டரியை அளக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை. மறுநாளே பக்கத்து வீட்டு அம்மாள் என் மனைவியிடம், "கஷ்டம்னா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெப்பத்தின் கதை தனி. அதைக் கெர்னல் பத்தில் ஒரு பங்கு டிகிரியாகச் சொல்லும். 34.1 டிகிரி என்பதை 341 என்று காட்டும். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "மாப்பிள்ளை, முந்நூத்து நாப்பத்தொண்ணு போட்டிருக்கே, கையில வச்சிருக்கியளே!" என்று அலறி, இடுக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இவையெல்லாம் பரவாயில்லை. என்னைத் தோற்கடித்தது அன்பு. சீசன் வீட்டில் எந்தப் பொருளும் தனியாக இருக்க முடியாது. நான் பெரும்பாலுமை அலமாரி மேல் மூச்சு வாங்கப் படுக்க வைத்துவிட்டு, பிரானூர் பார்டருக்குப் பரோட்டா வாங்கப் போவேன். திரும்பி வந்தால் அதன் வாலில் சார்ஜர் தொங்கும். "எழுபதுதான் காட்டிச்சு அத்தான், பாவமா இருந்துச்சு, போட்டுவிட்டேன்" என்பார் மைத்துனர். நோட்டில் ஆறு வரி எழுதியிருப்பேன், அத்தனையும் வீண். இன்னொரு முறை ஐம்பதைத் தாண்டி வெற்றிகரமாக இறங்கிவந்தேன். இரவில் சகலைப்பாடியின் மகள் எல்லோருடைய போனையும் வரிசையாகச் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் படுப்பாளாம். அவ்வளவு பொறுப்பான பெண். காலையில் எல்லாம் நூறு. 'சார்ஜ் போடாதீர்கள்' என்று சீட்டு எழுதி ஒட்டினேன். அதைப் படித்த பெரியம்மா, "பிள்ளைக்கு கரண்ட் பில் கட்ட முடியல போல" என்று என் மனைவி கையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்துவிட்டுப் போனாள். வீடு விற்கிற செய்தி அதற்குள் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். உள்ளே இருந்து மணி அடித்ததும், யாரோ முக்கியமாகக் கூப்பிடுகிறார்கள் என்று பூட்டை உடைக்காத குறை.

இதில் இன்னொரு கொடுமை. லித்தியம் பேட்டரிக்கு அடிவரை காலியாவது ஆகாது. சில நூறு தடவை நிறைத்து, காலி செய்தாலே அதன் கொள்ளளவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைந்துவிடும். அதாவது எவ்வளவு கொள்ளும் என்று நான் அளக்க அளக்க, அது கொள்வது குறைந்துகொண்டே போகும். சரியான அளவு கிடைக்கும் நாளில் அளப்பதற்கு ஒன்றும் இருக்காது என்று பையனிடம் சொன்னேன். "அவ்வளவு சீக்கிரம் ஆகாது மாமா, நீங்க ஒரு தடவை ஒழுங்கா எடுங்க" என்றான்.

ஆவணியோடு ஓயும் என்று பார்த்தால், ஐப்பசி மழையில் அருவி மறுபடி விழுந்தது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிற சாமிமார்கள் குற்றாலத்தில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு எங்கள் வீட்டில் ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டுப் போனார்கள். மாலை போட்டவரிடம் "சார்ஜரைத் தொடாதே" என்று எப்படிக் கடிந்துகொள்வது? மாசியில்தான் பாறை தெரிந்தது. அருவி வற்றியதும் சொந்தமும் வற்றியது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர். நிம்மதியாக உட்கார்ந்து நூறிலிருந்து அணைகிற வரை அளந்தேன். சிப் எண்ணிச் சொன்ன மொத்தச் செலவு 2480. பையன் 24,80,000 என்று எழுதி, வோல்ட் பட்டியலையும் சேர்த்து அனுப்பினான். கெர்னல் வழக்கம் போல ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் ஏற்றுக்கொண்டது.

மறுநாள் காலை முழு சார்ஜில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எண் நாணயமாக இறங்கியது. பழையபடி முப்பத்தெட்டில் நின்று நாடகம் ஆடவில்லை. 3 சதவீதம் காட்டியது, பிறகு 2, பிறகு அணைந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "முன்னால எத்தனை மணிக்கு ஆஃப் ஆகும்?"

"சாயங்காலம் அஞ்சு, அஞ்சரை."

"இப்ப?"

கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஐந்தேகால்.

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கீரையில்தான் கவனமாக இருந்தாள்.

பையனிடம் இதைச் சொன்னபோது அவனும் சிரித்தான். அளவு சொன்னால் கெர்னலுக்கு உண்மை தெரியும், பேட்டரிக்கு ஆயுள் கூடாது என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மாமா, நீங்க எடுத்தது மாசி வெயில்ல. சாரல் குளிருக்கு வேற பட்டியல் எடுத்தா இன்னும் துல்லியமா இருக்கும். சூட்டுக்குத் தக்கன இருபது பட்டியல் வரைக்கும் கெர்னல் வாங்கிக்கிடும்" என்றான். சாரல் குளிரை நான் மாசியில் எங்கே போய்த் தேடுவது? அது ஆடியில்தான் வரும். ஆடியில் வேறு யார் யார் வருவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே, சீசனுக்கு எங்கள் வீட்டுக்கு வர உத்தேசித்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அவர்கள் கூட்டிக்கொண்டு வரும் நண்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வாருங்கள். பாய் இருக்கிறது, வெந்நீர் இருக்கிறது, ஐந்தருவிக்கு நானே கூட வருகிறேன், பல்செட்டையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன். அலமாரி மேல் ஒரு கறுப்புப் போன் இருக்கும். அதற்கு மட்டும் தயவுசெய்து சார்ஜ் போடாதீர்கள். அருவி நிலவரம் வேண்டுமென்றால் என் மனைவியின் நம்பருக்குக் கூப்பிடுங்கள்.